தூக்குவாளிக்குள் ஓர் எடைக்கல்

கடந்த நவம்பரில், அக்காவின் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்றைப் பதிவு செய்வதற்காக, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் உள்ள ஒரு கணினி மையத்துக்கு அவளை அழைத்துச் சென்றிருந்தேன். தான் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒரு முறை கைரேகை வைத்துக் காட்டினால்தான் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து அவளுக்குப் பணம் வரும். அங்கிருந்த இளைஞர் பொறுமையானவர். வலது கைப் பெருவிரலில் தொடங்கிப் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கருவியின் மேல் வைக்கச் சொன்னார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் வைக்கச் சொன்னார். தானே விரலைப் பிடித்து அழுத்தியும் பார்த்தார். எந்த விரலையும் கருவி ஏற்கவில்லை. ரேஷன் கடையில் மாதந்தோறும் நடப்பதுதான் இது. பதின்மூன்று வயதில் அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலைக்குப் போய், அண்டி என்கிற முந்திரிக்கொட்டையை உடைத்தே தேய்ந்த கை அது. வறுத்த அண்டியின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் பொசுங்கும்; பொசுங்கிய தோல் உரியும்; அந்த இடத்தில் புதுத்தோல் முற்றுவதற்குள் மறுநாள் வேலை தொடங்கிவிடும். பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அதைத் தவிர வேறு பாதுகாப்பு எதையும் அக்கா அந்த நாட்களில் கண்டதில்லை. அந்த எண்ணெய்தான் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும் வார்னிஷுக்கும் போகிறது என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படி உரிந்த விரலில் ரேகை எங்கே மிஞ்சும்?

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அக்கா கூச்சப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவளைத் தாங்கி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்து, "இந்தக் கை எனக்கு வேண்டித் தேஞ்ச கையாக்கும் தம்பி. நான் படிக்கணும்னு எட்டாங்கிளாசோட படிப்பைத் தியாகம் செஞ்சவ இவ" என்று அந்த இளைஞரிடம் சொன்னேன். மனம் நெகிழ்ந்துதான் சொன்னேன். அக்கா கருவியிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்த இளைஞரிடமே, "நான் ஒண்ணும் தியாகம் செய்யல்ல மக்கா. என்னெ நிறுத்துனாவ" என்றாள்.

அதன் பிறகு அவர் கைபேசியின் கேமராவை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை ஒரு முறை மூடித் திறக்கச் சொன்னார். சான்று பதிவாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. நிறுத்தினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் தியாகம் என்று சொல்லிக்கொண்டிருப்பதை அவள் வேறொரு வினைச்சொல்லால் நினைவில் வைத்திருக்கிறாள். அந்த வினைச்சொல்லில் எழுவாய் அவள் அல்ல.

ஏட்டில் ஏறிய இரண்டு வயது

1971இல் அப்பா பனையிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. அதுவரை அப்பா இறக்கி வந்த அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கித்தான் அம்மா குடும்பத்தை ஓட்டி வந்தாள். அக்கா அப்போது எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அரசுப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது, மதிய உணவும் உண்டு. அந்தத் திட்டங்களை விரிவாக்கிய காமராசரே அந்த ஆண்டு எங்கள் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஆகவே பள்ளிக்கூடத்துக்குச் செலவழிக்கப் பணமில்லை என்பதல்ல காரணம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை கூலி கொண்டுவராது என்பதே காரணம். இரண்டு பிள்ளைகளில் ஒன்று கூலி கொண்டுவர வேண்டும் என்றானபோது, அது எந்தப் பிள்ளை என்பதில் எங்கள் வீட்டில் விவாதமே எழவில்லை. அவள் மூத்தவள், அவள் பெண். இந்த இரண்டுமே போதுமாக இருந்தன.

அண்டி ஆபீஸ் எங்கள் பக்கத்துக்கு வந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். முந்திரித் தொழிலுக்குத் தலைநகரம் கொல்லம். அங்கே தொழிலாளர் அமைப்புகள் வலுப்பெற்றுக் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, முதலாளிகள் பலர் எல்லையைத் தாண்டி விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் ஆலைகளைத் திறந்தார்கள். இங்கே கூலி குறைவு. வேலைக்கு வரக் காத்திருந்த பெண்களோ ஏராளம். அக்கா போய்ச் சேர்ந்த ஆலையும் அப்படி வந்ததுதான். பதினான்கு வயது நிறையாதவர்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொல்கிறது. அதனால் 1958இல் பிறந்தவளை 1956இல் பிறந்தவளாக ஏட்டில் எழுதினார்கள். அப்பா பெயர் சொன்னார், கணக்கர் வயதைச் சொன்னார், அக்கா கைநாட்டு வைத்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவளைக் கையெழுத்துப் போட யாரும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வயது அவளை விட்டு நீங்கவே இல்லை. வைப்பு நிதிப் பதிவில் அதுவே ஏறியது. பிற்காலத்தில் ஆதார் எடுக்கும்போது, பதிவுகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அதிலும் அதையே கொடுக்க வேண்டியதாயிற்று. 2014இல் ஏட்டின்படி ஐம்பத்தெட்டு ஆனதும் அவளை வேலையிலிருந்து அனுப்பினார்கள். உண்மையில் அவளுக்கு வயது ஐம்பத்தாறு. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அவளுக்கு வருவது அதைச் சற்றே தாண்டும் ஒரு தொகை. நான் கணக்கு ஆசிரியராக வேலை பார்த்து 2023இல் ஓய்வு பெற்றேன். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவன் என்பதால் எனக்குப் பழைய ஓய்வூதியம். இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். வந்த விடையை இங்கே எழுத மனம் வரவில்லை.

அந்தச் சொல் எங்கள் ஊரில்

தியாகம் என்ற சொல் எங்கள் மாவட்டத்தில் வெறும் அலங்காரச் சொல் அல்ல. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திரண்டவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. சிறுவயதில் நாங்கள் கேட்ட தியாகிகள் என்ற சொல் அவர்களைத்தான் குறித்தது. என்ன நடக்கக்கூடும் என்று தெரிந்தே தெருவில் இறங்கியவர்கள் அவர்கள். வீட்டிலேயே இருந்திருக்கலாம், இருக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு எடை கொடுப்பது அந்த 'இருந்திருக்கலாம்'தான்.

அதே சொல்லை நான் அக்காவுக்குச் சூட்டினேன். என் பணிநிறைவு விழாவில், மேடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று சூட்டினேன். கைதட்டல் எழுந்தது, பெண்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசிக்கும்போது, அந்தச் சொல் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்பது தெரிகிறது. தியாகம் என்றால் அவள் தானாகக் கொடுத்தது என்று ஆகிவிடுகிறது. தானாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவனுக்கு நன்றி மட்டுமே கடன். பிடுங்கிக் கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டவனுக்கு அப்படி அல்ல. அவன் அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எட்டு வயதில் எனக்கு எதுவும் தெரியாதுதான். ஆனால் முப்பது வயதில் தெரிந்திருக்க வேண்டும்.

குமரி அம்மனின் கதையும் இந்த நாட்களில் புதிதாக மனத்தில் வந்து நிற்கிறது. பாணாசுரனைக் கன்னி ஒருத்தியால்தான் கொல்ல முடியும் என்பதால் தேவர்கள் அவளுடைய திருமணம் நடக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். நாரதர் சேவலாகக் கூவ, விடிந்துவிட்டது என்று எண்ணிச் சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை பாதி வழியில் திரும்பினார். கல்யாணத்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் கடற்கரை மணலாகிக் கிடக்கின்றன என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். உலக நன்மைக்காக அம்மன் தவமிருக்கிறாள் என்றுதான் கேட்டு வளர்ந்தோம். தேவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று, கதை கேட்ட எங்களில் யாருக்கும் பாட்டியிடம் கேட்கத் தோன்றியதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் எங்கள் மாவட்டத்துக்கு. 90 விழுக்காட்டுக்கும் மேல். நானும் வகுப்புகளில் அதைப் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். என் தலைமுறையில் ஊர்விட்டுப் போய்ப் படித்து, ஆசிரியராகவும் எழுத்தராகவும் ஆன ஆண்கள் பலருடைய வீடுகளில், அண்டி ஆபீசுக்குப் போன ஓர் அக்காவோ தங்கையோ இருந்தாள். அவளும் அந்த எழுத்தறிந்தோர் கணக்கில்தான் வருகிறாள். எங்கே நிறுத்தப்பட்டாள் என்பதைக் காட்டும் பத்தி அந்த அட்டவணையில் எழுத்தறிவு விழுக்காட்டுக்கு அருகில் இல்லை.

கேட்டிருந்தால்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் செவிலியராக இருக்கும் அக்காவின் மகள் வந்திருந்தாள். அவளைப் பார்க்கப் போன அன்று மாலை, அடுக்களைத் திண்ணையில் மரச்சீனிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த அக்காவிடம் நான் கேட்டுவிட்டேன். கணினி மையத்தில் சொன்னது என் மேல் உள்ள கோபமா என்று. கோபம் இல்லை என்றாள். "நீ சின்னப்பிள்ளை. ஒன்மேல எனக்கு எதுக்குக் கோவம்?" என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, "அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டிருந்தா போயிருப்பியா?"

"கேட்டிருந்தா போயிருப்பேன்லா. வீட்டுல கஞ்சிக்கு வழியில்லன்னு எனக்குத் தெரியாதா? கேக்கல்லயே மக்கா."

நான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பா கேட்டிருந்தாலும் நடந்திருக்கக்கூடியது அதுவேதான்: அதே ஆலை, அதே சாம்பல், அதே விரல்கள். என் படிப்பும் மாறியிருக்காது. கணக்குப் போடுகிறவனுக்கு இரண்டும் ஒரே விடை. ஆனால் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அவளுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் அவள் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண். மற்றொன்றில் குடும்பத்தைக் காப்பாற்றப் பயன்படுத்தப்பட்ட பெண். ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் அவளிடமிருந்து பள்ளிக்கூடத்தோடு சேர்த்து, கொடுத்தோம் என்ற நிறைவும் பறிபோயிற்று. இரண்டாவது இழப்பே பெரிது என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன்.

என் மனம் அப்போதும் அடங்கவில்லை. என் பிள்ளைகளின் படிப்பு, நாங்கள் கட்டிய வீடு, அவள் மகளின் செவிலியர் படிப்புக்கு நான் கட்டிய பணம் எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் நோக்கும்போ அது முதலாச்சா அக்கா?" என்று கேட்டேன். பட்ட பாடு பலன் தந்ததா என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்போம். ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் நிம்மதியாக உறங்கலாம் என்பதுதான் என் உள்ளத்தில் இருந்தது. அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "அது ஒனக்கெ கணக்கு. நீயே கூட்டிப் பாரு. எனக்க கணக்கு வேற" என்றாள். அவளுடைய கணக்கு என்னவென்று கேட்டேன். "தராசுக்கெ காரியம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "ஒனக்கு ஓர்மை இருக்காது. நீ அப்போ ஒரு எழுத்து எழுதுன" என்றவள், அந்தக் கடிதத்தின் ஒரு வரியை அப்படியே சொன்னாள்: "ஊரில் எல்லோரும் கொடி பிடித்தால் நீயும் பிடிக்க வேண்டுமா? என் தேர்வுக் கட்டணத்தைப் பற்றி நினைத்துப் பார்த்தாயா?" அது 1983. நான் நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் தங்கி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு சில மாதங்கள் வீட்டிலிருந்து பணம் பாதியாகவும் தாமதமாகவும் வந்தது நினைவிருக்கிறது. விடுதி உணவுக் கட்டணம் கட்ட முடியாமல் நண்பர்களிடம் கடன் வாங்கிய அவமானமும் நினைவிருக்கிறது. அந்தக் கடிதம் எனக்கு நினைவில்லை. ஆனால் நான்தான் எழுதியிருப்பேன். அந்த வாக்கியத்தின் நடை என்னுடையதுதான்.

தன் வாழ்நாளில் அவள் தானாக முடிவெடுத்துத் தன்னுடையதை விட்டுக்கொடுத்த சந்தர்ப்பம் ஒன்று இருந்தது என்றால், அது அந்த ஆண்டு ஆலையில் நடந்த நான்கு மாத வேலைநிறுத்தம்தான். அது எனக்காக அல்ல. எனக்கு அது இடைஞ்சலாகத்தான் இருந்தது. நான் மேடையில் போற்றியது அவளிடமிருந்து எடுக்கப்பட்டதை. அவள் கொடுத்ததையோ நான் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

கல்ஃபில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த என் பள்ளித் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர், "பிள்ளைகளுக்கு வேண்டிப் போனேன் போனேன்னு நானும் சொல்லுதேன். உள்ளதைச் சொன்னா, போகணும்னு எனக்கே ஆசை இருந்துது" என்றார். கேட்க இதமாக இருந்தது. தன் முடிவைத் தன் முடிவு என்று சொல்ல அவருக்கு வாய்த்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது. ஆனா தராசுக்கெ காரியத்தையும் எழுதணும்" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

தராசின் காரியம்

அண்டி உடைப்பில் நாட்கூலி கிடையாது. தோட்டை உடைத்து எடுத்த முழுப்பருப்பின் எடைக்குத்தான் கூலி. உடைந்த பருப்பைக் கழித்துவிடுவார்கள். மாலையில் பெண்கள் வரிசையாக நிற்க, மேற்பார்வையாளர் தராசில் நிறுத்து ஏட்டில் எழுதுவார். தராசு குறைத்துக் காட்டுகிறது என்று எல்லோருக்கும் சந்தேகம். ஆனால் காட்டிக்கொடுக்க வழியில்லை. பருப்பை வெளியே கொண்டுபோய் நிறுத்துப் பார்க்க முடியாது. வாசலில் ஒவ்வொரு பெண்ணையும் சோதித்துத்தான் அனுப்புவார்கள். வெளியே போகும்போதுதான் சோதனை, உள்ளே வரும்போது இல்லை என்பதை முதலில் கவனித்தவள் அக்கா. கருங்கல் சந்தையில் அம்மாவிடம் கருப்பட்டி வாங்கும் வியாபாரியிடம் முத்திரை குத்திய ஒரு கிலோ இரும்பு எடைக்கல்லைக் கடனாகக் கேட்டு வாங்கினாள். தூக்குவாளிக்குள் அதை வைத்து, மேலே அவித்த கிழங்கைப் பரப்பி மூடி, அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று மாலை தன் முறை வந்ததும், பருப்பைத் தட்டில் போடுவதற்கு முன்னால் கல்லை எடுத்து வைத்தாள். தராசு 950 கிராம் காட்டியது.

நான் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். 320 என்று தரம் பிரிக்கும் பருப்பு, ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை நிற்கும். ஒரு பருப்பு ஏறத்தாழ 1.4 கிராம். கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் 35 பருப்பு. நாளைக்குப் பத்துக் கிலோ உடைக்கும் பெண்ணுக்கு 350 பருப்பு. ஒவ்வொன்றும் ஒரு தட்டு, ஒரு துளி எண்ணெய், கூலி மட்டும் இல்லை.

எடைக்கல்லைப் பிடுங்கிக்கொண்டு அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் உடைப்புப் பிரிவு முழுவதும் உள்ளே போகவில்லை. அது நான்கு மாதம் நீண்டது. இரண்டாவது மாதத்தில், தரம் பிரிக்கும் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு மேற்பார்வை வேலை தருவதாக அக்காவுக்கு மட்டும் ஆள் அனுப்பினார்கள். எண்ணெய் படாத வேலை. விரல்கள் தப்பியிருக்கும். அவள் போகவில்லை. கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டு பவுன் சங்கிலியை விற்று, பாதியை எனக்கு அனுப்பினாள், பாதியில் வீட்டை நடத்தினாள். அந்த ஆண்டு பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அதோடு போயிற்று. பிறகு முப்பது வயதில்தான் கல்யாணம். இதையெல்லாம் அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. சந்தையில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

முடிவில் ஆலை இறங்கி வந்தது. புதிய தராசு வைத்தார்கள். நாள்தோறும் எடை போடத் தொடங்குவதற்கு முன்னால், முத்திரை குத்திய கல்லைத் தொழிலாளி ஒருத்தி தன் கையால் தட்டில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தானது. தொழிலாளர் தரப்பில் போட்ட ஆறு கையெழுத்துகளில் ஒன்று அக்காவுடையது. அந்த ஆலையின் தாளில் அவள் கைநாட்டு வைக்காமல் பெயரெழுதியது அன்றுதான். கல்லை வைப்பதற்கு ஆறு பெண்களும் கிழமை பிரித்துக்கொண்டார்கள். 2014இல் அவளை அனுப்பும் வரை புதன்கிழமை அவளுடைய முறை.